இரண்டாம் வாய்

பீல் நகரத்துத் தெருப்பலகைகள் எல்லாம்
ஒரே சங்கதியை இரண்டு முறை சொல்லும்,
மேலே ஜெர்மன், கீழே பிரெஞ்சு.
என் வீட்டுக்குள் தமிழ்.
தொட்டிக்குள் பம்பின் முணுமுணுப்பு.

முதலில் வாங்கியது மான்கொம்புப் பவளம்.
நுனியெல்லாம் ஊதா.
பல் வைத்தியருக்கென்று ஒதுக்கிய காசு அது.
பதினோராம் நாள் அடியிலிருந்து வெளுத்தது.
மறுநாள் பாதி.
அதற்கு மறுநாள் எலும்பு.
ஆறு வாரம்கூட ஆகாத தண்ணீரில்
கொண்டுபோய் இறக்கியிருந்தேன்.
நிறத்தைப் பார்த்தேனே தவிர நீரைப் பார்க்கவில்லை.
எறிய மனமின்றி
குளியலறையில் சோப்புக்குப் பக்கத்தில் வைத்தேன்.
இப்போதும் அங்கேதான் இருக்கிறது.

பிறகு எட்டு மாதம் எதுவும் வாங்கவில்லை.
கல்லில் பழுப்புப் பாசி வந்தது, போனது.
பச்சை வந்தது, நத்தைகள் மேய்ந்தன.
நான் சனிக்கிழமைகளில் துளி எண்ணினேன்.
சோதனைக் குழாயில் நீலம் மஞ்சளாக
எட்டுத் துளி.
அடுத்த சனி எட்டு.
அதற்கடுத்த சனியும்.
ஏழானாலும் ஒன்பதானாலும் பொறுத்துக்கொள்ளும்,
ஏறி இறங்கினால்தான் சுருண்டுகொள்ளும்.
மணிக்கூட்டுத் தொழிற்சாலையில்
மயிர்ச்சுருள்களை உருப்பெருக்கியால் பார்க்கிறவள் நான்.
அசையாமல் இருக்க
எனக்குச் சம்பளம் தருகிறார்கள்.

கிரென்ஹனில் ரேத்தோ என்பவன் வீடு மாறுகிறான் என்று கேள்விப்பட்டேன்.
எக்காளப் பவளம், நான்கு தலை,
நடுவில் பச்சை, விளிம்பில் பழுப்பு, இருபத்தைந்து பிராங்க்.
'இதைக் கொல்வது கஷ்டம்' என்றான்.
'எனக்கு வரும்' என்றேன்.
வேலையிடத்து உருப்பெருக்கியைக் கண்ணில் பொருத்தி
ஒவ்வொரு தலையாகப் பார்த்தேன்:
சதை எலும்பின் விளிம்பை மூடியிருக்கிறதா,
வெள்ளைக் கோடு எங்காவது தெரிகிறதா,
வாய் பிளந்து கிடக்கிறதா.
எல்லாம் மூடிய வாய்கள்.
அடியில் மட்டும் ஒரு கண்ணாடிப் பூ,
ஒரு மாதத்தில் தொட்டியையே பிடித்துவிடும் களை.
ரேத்தோ சிரிக்காமல் அந்தக் கல்துண்டையே வெட்டி எறிந்தான்.

ஜனவரி. பையைக் கோட்டுக்குள்
வயிற்றோடு அணைத்துக்கொண்டு ரயிலில் வந்தேன்.
'கல்லா?' என்று கேட்டார் பரிசோதகர்.
'விலங்கு' என்றேன்.
'அப்படியானால் அரை டிக்கெட்' என்று சொல்லிவிட்டு
அடுத்த பெட்டிக்குப் போய்விட்டார்.

சொட்டுச் சொட்டாய் என் தண்ணீரை அதற்குப் பழக்கினேன்.
மணலோரம், விளக்குக்குத் தள்ளி, ஓட்டம் குறைந்த இடத்தில் வைத்தேன்.
சதை ஆடலாம், அடிபடக் கூடாது.
இரண்டு நாள் முகம் காட்டவில்லை.
மூன்றாம் நாள் கீழ்வீட்டுத் திருமதி ஸ்பிண்டனின் சீட்டு வந்தது:
'இரவு பத்து மணிக்குப் பிறகு
உங்கள் வீட்டில் யார் முனகுவது?'
யோகாப் பாயில் ஒரு மூலையை வெட்டி
பம்புக்கு அடியில் வைத்தேன்.

பதினொரு மணிக்கு விளக்கணைத்தால்
விளிம்பெங்கும் விரல்கள் முளைக்கும்.
குழாய் நுனியில் ஒரு பொடி இறால்.
விரல்கள் அதைப் பற்றிக்கொள்ளும்.
இருபது நிமிடம் ஆகும் விழுங்க;
அதுவரை திருட்டு நண்டை விரட்டிக்கொண்டு நிற்பேன்.
பெண்ணின் உதட்டைப் பவளவாய், பவளவாய் என்று
எத்தனை நூற்றாண்டாய்ப் பாடியிருக்கிறோம்,
பவளத்துக்கு வாய் உண்டா என்று
ஒருவரும் குனிந்து பார்க்காமலேயே.
இருக்கிறது.
எள்ளளவு. சிவப்பும் இல்லை.

மே மாதம் ஒரு தலை நீண்டது.
நோய் என்று பயந்து
ரேத்தோவுக்குப் படம் அனுப்பினேன்.
பதிலாக ஒரு சிரித்த முகம், வேறு ஒன்றுமில்லை.
வட்டம் முட்டையானது, முட்டைக்கு இடுப்பு வந்தது.
நேற்றிரவு பார்க்கிறேன்,
ஒரே தலையில் இரண்டு வாய்.
எதற்கு ஊட்ட?
இடதுபக்க வாய்க்குக் கொடுத்தேன்.
வலதும் சேர்ந்து உப்பியது.
வயிறு இன்னும் பிரியவில்லை.

இன்று சனி.
ஏழாவது துளியிலேயே மஞ்சள்.
மறுபடி செய்து பார்த்தேன், ஏழுதான்.
ஒரு துளிச் சுண்ணாம்பு
கல்லாகிக்கொண்டிருக்கிறது.